2.65 எண் போட்ட வில்லை

சுசுகி ஜிஎஸ்1000 பைக்கின் ஹெட் கவரைக் கழற்றினால் இரண்டு கேம்ஷாஃப்ட் தெரியும். அவற்றுக்கு அடியில் எண்ணெய் மினுங்க எட்டு வட்ட முகங்கள். ஒவ்வொரு முகமும் தனியே கழன்று வரக்கூடிய எஃகு வில்லை. ஷிம் என்பார்கள். குறுக்களவு 29.5 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு சுற்றுப் பெரியது. எல்லாவற்றுக்கும் இதே குறுக்களவுதான். தடிமன்தான் மாறும். 2.15 மி.மீ.யில் தொடங்கி 3.10 வரை, 0.05 இடைவெளியில் இருபது அளவுகள். ஒரு பக்கம் வழுவழுவென்று இருக்கும். மறுபக்கத்தில் தடிமனைப் பொறித்திருப்பார்கள்.

அதில் 2.65 என்று பொறித்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே வில்லையின் பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு அலைந்தவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் இந்த வகை இன்ஜினைப் பிரித்துப் பழகியவர்களுக்கு அதன் வழித்தடம் அத்துப்படி.

வில்லையின் பிறந்த வீடு ஜப்பானின் ஹமாமட்சுவைத் தலைமையிடமாகக் கொண்ட சுசுகி. 1909-ல் மிச்சியோ சுசுகி அங்கே ஆரம்பித்தது தறி செய்யும் பட்டறை. பைக் பக்கம் வந்த பிறகும் நெடுங்காலம் டூ-ஸ்ட்ரோக்தான் சுசுகியின் பிழைப்பு. நம் ஊரில் ஆர்எக்ஸ்100 ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அந்த வகை இன்ஜினில் கேம்ஷாஃப்ட் கிடையாது, டேப்பெட் கிடையாது, ஷிம்முக்கு வேலையே கிடையாது. 1970களில் அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாடு கழுத்தை நெரிக்க ஆரம்பித்தது. 1974-ல் ஆர்இ5 என்ற ரோட்டரி இன்ஜின் பைக்கை விட்டுப் பார்த்தார்கள்; விற்கவில்லை. அதன் பிறகுதான் 1976-ல் ஜிஎஸ்750, 1978-ல் ஜிஎஸ்1000. நாலு சிலிண்டர், இரட்டை கேம், எட்டு வால்வு. 1972-ல் வந்து எல்லோரையும் மிரட்டிய கவாசாகி இசட்1-இன் அமைப்பும் இதுதான். வால்வுக்கு மேலே பக்கெட், பக்கெட்டின் தலையில் ஷிம் என்ற ஏற்பாடும் அதில் இருந்ததே. கார் உலகில் 1966-லேயே ஃபியட் 124 ஸ்போர்ட்டின் இரட்டை கேம் இன்ஜினில் இதே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. சுசுகி புதுமை தேடவில்லை. ஏற்கெனவே ஓடுவதை எடுத்து உறுதியாகச் செய்தது. என்னைக் கேட்டால் ஜிஎஸ் இன்ஜின்கள் இன்றைக்கும் ஓடுவதற்கு அந்த அடக்கம்தான் காரணம்.

இந்த வில்லை அங்கே என்ன செய்கிறது? கேம் சுற்றும்போது அதன் மூக்கு வில்லையை அமுக்கும். வில்லைக்கு அடியில் கவிழ்த்து வைத்த பக்கெட், அதற்கடியில் வால்வின் தண்டு. பக்கெட் இறங்க, வால்வு திறக்கும். மூக்கு விலகியதும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடும். மூடியிருக்கும் நேரத்தில் கேமுக்கும் வில்லைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. ஜிஎஸ்1000-க்கு சுசுகி சொல்லும் இடைவெளி, இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில், 0.03 முதல் 0.08 மி.மீ. வரை. இன்ஜின் 8000 ஆர்பிஎம்மில் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு அறுபத்தாறு தடவை திறந்து மூடுகிறது. அத்தனை அடியையும் வாங்குவது வில்லையின் முகம்.

புல்லட்டில் இந்தக் கதையே கிடையாது. திருவொற்றியூரில் செய்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு டேப்பெட்டில் ஸ்க்ரூ, லாக் நட். இரண்டு ஸ்பேனர் போதும். புஷ்ராடை விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது; அவ்வளவுதான் கணக்கு. பிறகு ஏன் ஜப்பான்காரர்கள் வில்லைக்குப் போனார்கள்? ஸ்க்ரூ இருந்தால் அதைத் தாங்க ராக்கர் வேண்டும். வேகமாகச் சுற்றும் இன்ஜினில் வால்வோடு சேர்ந்து ஆடும் ஒவ்வொரு கிராமும் தலைவலி. கேமை நேரே பக்கெட்டின் மேல் உட்கார வைத்தால் ராக்கர் மிச்சம். ஸ்க்ரூ மாதிரி வில்லை தானாக இளகிக்கொள்ளவும் செய்யாது. ஆனால் திருகிச் சரிசெய்ய வழியில்லை. இடைவெளி மாற வேண்டுமென்றால் வில்லையே மாற வேண்டும். நம் 2.65 ஊர் ஊராய்ப் போவதற்கு அதுதான் காரணம்.

பிறந்தபோது அதற்கு ஊர் பெயர் எதுவும் கிடையாது. கடினமாக்கிய எஃகு, இரண்டு பக்கமும் தட்டையாகச் சாணை பிடித்து, அளவு பார்த்து, தட்டில் தன் தடிமன்காரர்களோடு உட்கார்ந்திருக்கும். புது ஹெட்டைக் கோக்கும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு நூல் மேலே கீழே உட்காரும். வால்வு உட்காரும் சீட்டை வெட்டிய ஆழமும் தண்டின் நீளமும் எட்டு வால்விலும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்காது. ஆகவே இடைவெளியை அளந்து, அதற்கு ஏற்ற வில்லையை எடுத்துப் போடுவார்கள். நம் ஆள் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் போய் உட்கார்ந்ததாக வைத்துக்கொள்வோம். எண் போட்ட பக்கம் கீழே, வழுவழுப்பான பக்கம் கேமைப் பார்த்து. அப்படியே கப்பலேறி அமெரிக்கா.

அங்கே ஓட ஓட, தேய வேண்டியது வில்லை என்றுதானே நினைப்போம்? எண்ணெய்ப் படலம் ஒழுங்காக இருந்தால் அது லேசில் தேயாது. தேய்வது அடியில்: வால்வின் முகமும், அது அடித்து அடித்து உட்காரும் சீட்டும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறி உட்காரும். அதன் தண்டு பக்கெட்டைத் தூக்கும், பக்கெட் வில்லையைத் தூக்கும், கேமுக்கும் வில்லைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். வெப்பத்தில் வேகும் எக்ஸாஸ்ட் பக்கம் இது சீக்கிரம் நடக்கும். இன்லெட் பக்கம் மெதுவாக.

இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இடைவெளி கூடினால் டக்டக் என்று டேப்பெட் சத்தம் கேட்கும். வண்டிக்காரர் பதறிப்போய் மெக்கானிக்கிடம் ஓடுவார். இடைவெளி குறைந்தால் இன்ஜின் முன்னைவிட அமைதியாகிவிடும். வண்டி நல்லா செட் ஆயிடுச்சு என்று சந்தோஷப்படுவார்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைக் கடத்துவதே சீட்டில் உட்காரும் அந்தச் சிறு பொழுதில்தான். முழுதாக உட்காராவிட்டால் சூடு போக வழியில்லை. இடுக்கில் எரியும் வாயு பீறிட்டு வால்வின் விளிம்பைத் தின்னும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஐடிலிங் தள்ளாடும், கம்ப்ரஷன் விழும். அந்தக் கட்டம் வந்த பிறகு வில்லையை மாற்றிப் புண்ணியமில்லை. சத்தம் போடாத டேப்பெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே ஒரு நாள் கவர் திறக்கிறது. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, வலது பக்கம் கிராங்க் முனையில் இருக்கும் 19 நம்பர் நட்டில் ஸ்பேனர் போட்டு மெல்லச் சுற்றுகிறார்கள். எந்த மூக்கு எந்தத் திசையில் நிற்கும்போது எந்த வால்வை அளப்பது என்று மேனுவலில் வரிசை உண்டு. முதல் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மூக்கு முன்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்போது ஒன்று, இரண்டு எக்ஸாஸ்ட். கிராங்கை அரைச் சுற்று சுற்றினால் அதே சிலிண்டர்களின் இன்லெட். இன்னும் அரைச் சுற்றில் மூன்று, நாலு எக்ஸாஸ்ட். மறுபடி அரைச் சுற்றில் அவற்றின் இன்லெட். முறை வந்ததும் நம் வில்லையின் மேல் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்க்கிறார்கள். 0.03 தகடு போக மாட்டேன் என்கிறது.

போகவில்லை என்றால் எவ்வளவு இருக்கிறது? 0.02-ஆ, ஒன்றுமே இல்லையா? சாதாரண ஃபீலர் கேஜ் செட்டில் இவ்வளவு மெல்லிய தகடே பெரும்பாலும் இருக்காது. இதற்கு ஒரு சின்னத் தந்திரம்: தெரிந்த ஒரு மெல்லிய வில்லையைத் தற்காலிகமாகப் போட்டு அளந்து, அங்கிருந்து கழித்துக்கொண்டு வருவது. 2.55 போட்டபோது 0.12 காட்டுகிறது என்றால், 2.65-ல் இருந்தது 0.02. 2.60 போட்டால் 0.07 வரும்; போதும். இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அனுமதித்த இடைவெளி 0.03-லிருந்து 0.08 வரை, அதாவது 0.05 அகலமுள்ள ஜன்னல். வில்லைகளின் படியும் 0.05. வரிசையில் அளவு தீராதவரை, எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஜன்னலுக்குள் வந்து விழும் வில்லை ஒன்று இருந்தே தீரும். இதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

கழற்றுவதுதான் பாடு. வில்லையை எண்ணெய் கவ்விப் பிடித்திருக்கும். மேலே கேம் வேறு. பக்கெட்டின் விளிம்பில் சிறு வெட்டு உண்டு. முதலில் அந்த வெட்டு கைக்கு எட்டும் பக்கம் வரும்படி பக்கெட்டை விரலால் திருப்பிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டுப் பக்கெட்டை அமுக்கினால் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. சுசுகி இதற்கென்று ஒரு கருவி தருகிறது. கேமுக்கு அடியில் நுழைந்து, வில்லையைத் தொடாமல் பக்கெட்டின் விளிம்பை மட்டும் அமுக்கிப் பிடிக்கும். அது வழுக்கினால் நகம் போகும். வீட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கும் ஜிஎஸ்காரர்கள் பலர் அந்தக் கருவியையே தொடுவதில்லை. வயர் கட்டும் பிளாஸ்டிக் ஜிப் டை ஒன்றை வளைத்து, பிளக் துளை வழியாக உள்ளே விட்டு, திறந்து நிற்கும் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே சொருகிவிடுவார்கள். பிறகு கிராங்கைச் சுற்றினால் கேம் மூக்கு விலகிப் போகும். வால்வு மட்டும் மேலே வர முடியாமல் பிளாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும். பக்கெட் தாழ்ந்திருக்க, கேமுக்கு அடியில் தாராளமாய் இடம். வெட்டுக்குள் சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையை விட்டு ஒரு நெம்பு. வில்லை எண்ணெயோடு சப்பென்று கிளம்பி வந்துவிடும்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. வில்லை இல்லாமல் பக்கெட் வெறுமனே இருக்கும்போது இன்ஜினை வழக்கம்போலச் சுற்றினால் கேமின் மூக்கு பக்கெட்டின் விளிம்பில் இடித்து உடைத்துவிடலாம். ஒன்றைக் கழற்றினால் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வால்வுக்குச் சுற்ற வேண்டும்.

இங்கேதான் நம் 2.65-இன் முதல் இடமாற்றம். அன்றைக்கு இறுகிப்போன வால்வுகள் நாலு என்று வையுங்கள். நாலாம் எக்ஸாஸ்டில் 2.60, மூன்றாம் எக்ஸாஸ்டில் நம் 2.65, இரண்டாம் இன்லெட்டில் 2.70, முதல் எக்ஸாஸ்டில் 2.75. நாலுக்கும் ஒரு படி குறைய வேண்டும். விவரம் தெரியாதவர் நாலு வில்லை வாங்குவார். தெரிந்தவர் 2.55 ஒன்றை மட்டும் வாங்குவார். அது நாலாம் எக்ஸாஸ்டில் உட்காரும். அங்கிருந்து வெளிவரும் 2.60 மூன்றாம் எக்ஸாஸ்டுக்கு, அங்கிருந்த 2.65 இரண்டாம் இன்லெட்டுக்கு, அதன் 2.70 முதல் எக்ஸாஸ்டுக்கு. கையில் மிஞ்சுவது 2.75. இந்த வரிசையில் போனால் எந்தப் பக்கெட்டும் ஒரு நொடிகூட வெறுமனே கிடந்து சுற்றாது. ஒவ்வொரு வில்லையையும் எண்ணெய் தடவி, எண் கீழே போகும்படி வைத்து, இன்ஜினைச் சில சுற்று சுற்றி உட்கார வைத்து, மறுபடி அளந்து பார்த்துவிட்டுக் கவரை மூடுவார்கள். எந்த வால்வில் எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி வைப்பவர் அடுத்த தடவை பாதி வேலையை மிச்சம் பிடிப்பார்.

கவனித்தால் ஒரு திசை தெரியும். வில்லை எப்போதும் தன்னைவிடத் தடித்த ஒன்றின் இடத்துக்குத்தான் போகிறது. அதாவது தேய்மானம் குறைந்த வால்வைத் தேடிப் போகிறது. அதற்கு வயதாவதில்லை, அடியில் இன்ஜினுக்கு வயதாகிறது. வருடங்கள் போகப் போக அந்த இன்ஜினில் 2.65 தடிமனைத் தாங்கும் வால்வே இல்லாமல் போய்விடும். அன்றைக்கு வில்லை இன்ஜினைவிட்டு வெளியே வந்து தகர டப்பாவுக்குள் விழும். மிட்டாய் டப்பாவோ புகையிலை டப்பாவோ, பழைய பைக் வைத்திருப்பவர் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் தடித்த வில்லைகள்தான் குவிந்திருக்கும். எல்லோருடைய இன்ஜினும் ஒரே திசையில் கிழடாவதால் எல்லோருக்கும் மெல்லியதுதான் தேவை, எல்லோரிடமும் மிஞ்சுவது தடித்தது. நல்ல டீலர் கடைகளில் ஒன்றைக் கொடுத்து ஒன்றை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அது குறைந்த பிறகு ஜிஎஸ்காரர்கள் தங்களுக்குள் தபால் உறையில் வைத்து அனுப்பி மாற்றிக்கொண்டார்கள். நம் 2.65 அப்படி ஓர் உறைக்குள் ஏறி, எங்கோ அதிகம் ஓடாமல் கிடந்த இன்னொரு ஜிஎஸ்ஸின் தலையில் போய் உட்காரும்.

இந்தப் பயணத்தில் அடையாளம் தொலைவதும் உண்டு. யாராவது அவசரக்காரர் எண் மேலே தெரியும்படி போட்டிருப்பார். கேம் அதைத் தேய்த்து அழித்துவிடும். அடுத்து திறப்பவர் மைக்ரோமீட்டரை எடுத்தாக வேண்டும். எண் இருந்தாலும் எடுப்பது நல்லதே. 2.65 என்று போட்டிருக்கும், அளந்தால் ஒரு நூலிழை கூடவோ குறையவோ இருக்கும். ஜன்னலே 0.05 அகலம் என்னும்போது அந்த நூலிழையும் கணக்கில் வரும்.

பந்தயத் தடத்தில் வில்லைக்கு வேறு மாதிரி பிழைப்பு. 1978-ல் முதன்முதலாக நடந்த சுசுகா எட்டு மணி நேரப் பந்தயத்தை வெஸ் கூலியும் மைக் பால்ட்வினும் வென்றது யோஷிமுரா பட்டறை தயாரித்த ஜிஎஸ்1000-இல்தான். ஆனால் பந்தயத்துக்கென்று மூக்கு உயர்ந்த கேம் போட்டு, இன்ஜினை அளவுக்கு மீறி முறுக்கினால், மேலே உட்கார்ந்திருக்கும் வில்லை துப்பிய மாதிரி எகிறிவிடும் ஆபத்து உண்டு. கேம் விளிம்பில் பட்டு நெம்பிவிடும். எகிறிய வில்லை ஹெட்டையே நாசமாக்கும். அதனால் பந்தயக்காரர்கள் பக்கெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குட்டி வில்லைக்கு மாறினார்கள். கவாசாகி 1976-லேயே இசட்650-இல் அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தது. எகிறாது, எடையும் குறைவு. ஆனால் அதை மாற்ற கேம்ஷாஃப்டையே தூக்க வேண்டும். இன்று நம் ஊர் சாலையில் பறக்கும் கேடிஎம் 390 டியூக்கில் இருப்பதும் குட்டி வில்லைதான், ஃபிங்கர் ஃபாலோயருக்கு அடியில். சுசுகியே 1980-இன் பதினாறு வால்வு ஜிஎஸ்எக்ஸ் இன்ஜின்களில் ஸ்க்ரூவுக்குத் திரும்பிப் பார்த்தது. பிற்பாடு வேக பைக்குகளில் வில்லையை மறுபடி கொண்டுவந்தது, இந்தத் தடவை பக்கெட்டுக்கு அடியில். மேலே உட்காரும் பெரிய வில்லை என் கணிப்பில் வீட்டில் வேலை பார்ப்பவருக்கு வாய்த்த ஆகச் சிறந்த ஏற்பாடு. கேம் செயினைத் தொடாமல், டைமிங் தப்பாமல், ஒரு பிற்பகலில் எட்டு வால்வையும் முடித்துவிடலாம்.

இந்த இறங்குமுகத்துக்கும் ஒரு தரை உண்டு: 2.15. அதற்குக் கீழே சுசுகியின் வரிசையில் வில்லை கிடையாது. 2.15 போட்ட வால்வும் இறுகிவிட்டால் வில்லையையே சாணை பிடித்து மெலிதாக்கத் துணிபவர்கள் உண்டு. கடினமாக்கிய மேற்பரப்பில் கை வைக்கும் வேலை. நான் செய்ய மாட்டேன். முறையான வழி ஹெட்டை இறக்குவது. சீட்டைச் சீர்செய்ய வெட்டினால் வால்வு இன்னும் ஆழத்தில் உட்கார்ந்து தண்டு இன்னும் மேலே வரும். அதைச் சரிக்கட்ட லேத் பட்டறையில் தண்டின் நுனியைக் கொஞ்சம் சாணை பிடிப்பார்கள். நுனி அரை மில்லிமீட்டர் குறைந்தால் 2.15 இருந்த இடத்தில் 2.65 வேண்டியிருக்கும். சட்டென்று கணக்கு தலைகீழாகிறது. இவ்வளவு காலம் சீண்டுவாரில்லாமல் டப்பாவில் கிடந்த தடித்த வில்லைகளுக்கு அன்றைக்குத்தான் கிராக்கி.

பழைய ஜிஎஸ் ஒன்றை வாங்கப் போகிறவர்கள், விற்பவர் சம்மதித்தால், கவரைத் திறந்து வில்லை எண்களைப் பார்ப்பதுண்டு. எட்டும் 2.20, 2.25 என்று தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் நம்ப வேண்டாம். விலையைக் குறைத்துப் பேசலாம். எட்டும் 2.60-க்கு மேல் இருந்தாலும் உடனே பணத்தை எண்ணிவிடக் கூடாது. நுனி சாணை பிடித்த ஹெட்டும் அதே எண்களைத்தான் காட்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வால்வையாவது கழற்றி, தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் உட்காரும் காடிக்கு மேலே நுனி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வெர்னியரில் அளக்க வேண்டும். அதற்கு எந்த விற்பவரும் சம்மதிப்பதில்லை.